பூட்டிய கதவுக்கு முன் ஒரு வரிசை

கெலமங்கலம் பேருந்தில் ரஞ்சிதா ஏறிவிட்டால் மூன்று மொழிகளுக்கும் வேலை வந்துவிடும். காலை நீட்டி வழியை அடைத்திருப்பவரைக் கன்னடத்தில் அதட்டுவாள். கீரைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு தவிக்கும் பெண்ணுக்குத் தெலுங்கில் சமாதானம் சொல்லி, பக்கத்தில் இருப்பவரைத் தள்ளி உட்கார வைப்பாள். நிறுத்தத்தைத் தாண்டி வண்டி நின்றால் ஓட்டுநரிடம் தமிழில் நியாயம் கேட்பாள். அந்தத் தமிழும் ஒரே தமிழ் அல்ல. "ஏன்ணா, ஸ்டாப் அங்க இருக்குது, இங்க கொண்டாந்து நிப்பாட்டுனா வயசானவங்கோ எப்டி ஓடியாருவாங்கோ?" என்று அம்மாவின் ஊர்ப் பேச்சில் தொடங்கும். கோபம் தலைக்கேறினால், "நல்லா ஓட்டுதீக வண்டி!" என்று அப்பாவின் கோவில்பட்டியில் போய் முடியும்.

ஆள் குள்ளம். துப்பட்டாவைத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக இழுத்து முடிச்சுப் போட்டிருப்பாள். நடக்கிறாளா ஓடுகிறாளா என்று சொல்ல முடியாத ஒரு நடை. பையில் ஒரு தண்ணீர் பாட்டில் உண்டு. அம்மா சுகுணா தினமும் நிரப்பித்தான் அனுப்புகிறாள். காலையில் போனது போலவே மாலையில் அது நிரம்பியே திரும்பி வரும். அம்மா திட்டுவாள். "குடிச்சா எங்கம்மா போறது?" என்பாள் ரஞ்சிதா.

ஓசூருக்கு வெளியே, தொழிற்பேட்டைகளைத் தாண்டி இருக்கிறது அவள் படிக்கும் தனியார் கல்லூரி. அங்கே மாணவிகள் பாதிப்பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. கீழ்த்தளத்தில் ஆய்வகத்துக்குப் பின்னால் அவர்களுக்கென்று இருக்கும் கழிப்பறையில் பல கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நண்பகலுக்குள் தண்ணீர் நின்றுவிடும். ஆனால் இரண்டாம் மாடியில், விருந்தினர் அறைக்கு எதிரே, பெண்களுக்கென்று இன்னொரு கழிப்பறை இருக்கிறது. புது டைல்ஸ், சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, அழுத்தினால் சோப்பு கொட்டும் குப்பி. கட்டிய நாளிலிருந்து அதில் பெரிய பூட்டு ஒன்று தொங்கியது. கல்லூரியின் தரத்தைப் பார்க்க வரும் ஆய்வுக் குழுவுக்காகக் கட்டியது என்றார்கள். குழு வந்தது, பார்த்தது, போனது. பூட்டு மட்டும் போகவில்லை.

இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவர்களுக்குத் தலைமைப் பண்புத் திட்டம் என்று ஒன்று வந்தது இந்த நிலையில்தான். தொழிற்பேட்டையில் இருக்கும் நிறுவனம் ஒன்று அதற்கு ஆதரவு தந்தது. மூன்று மூன்று பேராக அணி சேர வேண்டும்; பருவ முடிவில் மேடையேறி, கண்ட முன்னேற்றம் என்ன, கற்ற பாடம் என்ன என்று சொல்ல வேண்டும். முதலிடம் பெறும் அணிக்கு அந்த நிறுவனத்திலேயே பயிற்சி வேலை. பொறுப்பாசிரியை நிர்மலா வகுப்பில் வந்து விளக்கினார்: "உங்களைச் சுத்தி ஒரு பிரச்சினையக் கண்டுபிடிங்க. நாலு பேரைச் சேத்துக்கிட்டு அதை மாத்திக் காட்டுங்க."

ரஞ்சிதா எழுந்தாள். "சுத்தின்னா எவ்ளோ தூரம் மேடம்? காலேஜுக்குள்ளயே இருந்தா பரவால்லயா?"

"தாராளமா," என்றார் நிர்மலா. அந்த ஒரு சொல்லுக்காகப் பிறகு அவர் பலமுறை வருந்தினார்.

மற்ற அணிகள் மரக்கன்று நட்டன, பிளாஸ்டிக் ஒழிப்புக்கு ஊர்வலம் போயின. ரஞ்சிதாவின் அணியில் அவளைத் தவிர இருவர். ஒருத்தி சத்யப்ரியா. ஜவளகிரிப் பக்கத்துக் காட்டோரக் கிராமத்திலிருந்து விடியும் முன்பே கிளம்பி, இரண்டு பேருந்து மாறி வருகிறவள். அடக்கி அடக்கிப் பழகியதில் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலில் விழுந்து, முந்தைய பருவத்தில் ஒரு தேர்வை எழுத முடியாமல் போனவள். காரணத்தை வீட்டில்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். இன்னொருவன் ஹரீஷ்குமார். படம் போட்டு விளக்கும் ஸ்லைடுகள் செய்வதில் கெட்டிக்காரன். அவனுக்கு அந்தப் பயிற்சி வேலை வேண்டும். அதை மறைக்கவும் இல்லை. "ஜெயிக்கிற ப்ராஜெக்ட்டா எடு, அது போதும்," என்றுதான் அணியில் சேர்ந்தான்.

"இந்தக் கதவைத் தொறக்கறதுதான் ப்ராஜெக்ட்," என்றாள் ரஞ்சிதா.

"இதுல எங்க ஜெயிக்கறது?" என்றான் அவன்.

தொடக்கமே பிசகியது. சாவி, துப்புரவுப் பணியாளர் வெங்கடம்மாளிடம் இருந்தது. ரஞ்சிதா நேராகப் போய் அவளிடம் சத்தம் போட்டாள். "என்னை எதுக்கோசரம் திட்ற கண்ணு? தொறந்தா நாளையிலருந்து வேலைக்கு வரவேணாம்னு சொல்லிடுவாங்கோ," என்றாள் வெங்கடம்மாள். ரஞ்சிதா விடவில்லை. சத்தம் அலுவலகம் வரை போனது. கல்லூரி முதல்வர் வந்தார், வெங்கடம்மாளை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார், சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். வெங்கடம்மாள் அழவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மறுபக்கம் பெருக்கப் போய்விட்டாள். ரஞ்சிதாவுக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அதன்பின் முதல்வரைப் பார்த்தார்கள். அடுத்த ஆய்வு முடியட்டும் என்றார். மறுபடி பார்த்தார்கள். மாணவிகள் உபயோகித்தால் பாழாகிவிடும் என்றார். மூன்றாவது முறை, அறைக்குள்ளேயே விடவில்லை.

வரிசை பிறந்தது தற்செயலாகத்தான். ஒரு மதிய இடைவேளை, முதல்வர் அறையிலிருந்து திரும்பும் வழியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்யப்ரியா அந்தப் பூட்டிய கதவில் சாய்ந்து நின்றுவிட்டாள். ரஞ்சிதா அவள் பின்னால் நின்றாள். அந்தப் பக்கம் வந்த அலுவலகக் கண்காணிப்பாளர், "இங்க என்ன வேலை?" என்றார்.

"க்யூல நிக்கறோம் சார்."

"பூட்டு தொங்குது, கண்ணு தெரியலயா?"

"தொறக்கறப்ப நாங்க முன்னால இருக்கணும்ல சார்."

வாய்த்துடுக்காகச் சொன்னதுதான். அன்று மாலை பேருந்தில் வரும்போது அதுவே அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் இடைவேளை மணி அடித்ததும் சத்யப்ரியாவை இழுத்துக்கொண்டு போய்க் கதவு முன் நின்றாள். கோஷம் இல்லை, அட்டை இல்லை. கழிப்பறைக்குக் காத்திருக்கும் இரண்டு பெண்கள், அவ்வளவுதான். பையன்கள் மாடிப்படியில் நின்று சிரித்தார்கள். "என்ன ரஞ்சிதா, டோக்கன் போட்டாச்சா?" என்றான் ஒருவன். "உங்க வீட்டுப் பொம்பளைங்களையும் கூட்டியா, போட்டுத் தரேன்," என்றாள். அவன் சிரிப்பு நின்றது.

சில நாள் இரண்டே பேர். பிறகு முதலாண்டுப் பெண் ஒருத்தி, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் சத்யப்ரியாவுக்குப் பின்னால் வந்து நின்றாள். அடுத்த நாள் அவள் தோழிகள். பிறகு கணினி அறிவியல், நுண்ணுயிரியல். கதவிலிருந்து மாடிப்படி வரை வந்த வரிசை, படியில் இறங்கி முதல் மாடியைத் தொட்டது. யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்றில்லை. பாடக் குறிப்பு படிப்பார்கள், சோற்று டப்பாவைத் திறந்து நின்றபடியே சாப்பிடுவார்கள், ஒருத்திக்கு இன்னொருத்தி தலை பின்னிவிடுவாள். மணி அடித்தால் கலைவார்கள். விரட்ட வந்தவர்களுக்கு விரட்டக் காரணம் கிடைக்கவில்லை.

காரணம் கிடைக்காவிட்டாலும் வழி கிடைத்தது. வரிசையில் முன்னால் நின்றவர்களின் வருகைப் பதிவில் கை வைத்தார்கள். ரஞ்சிதாவின் அப்பா பொன்னுசாமிக்குக் கல்லூரியிலிருந்து தொலைபேசி போனது. ஷிப்ட் முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "ஏட்டி, எதுக்கு இந்த வம்பு? எங்க கம்பெனில கேக்காத கேள்வியா? கேட்டவன்லாம் இன்னைக்கு கேட்டுக்கு வெளியில நிக்கான்."

"நான் இப்பவே வெளியதாம்ப்பா நிக்கேன்," என்றாள் ரஞ்சிதா. "இன்னும் எங்க தள்ளுவாங்கோ?"

ஒரே மூச்சில் இரண்டு ஊர்ப் பேச்சும் வந்து விழுந்தன. மறுநாள் காலை பொன்னுசாமி அவளோடு பேசாமலேயே வேலைக்குப் போனார். அது அவளுக்கு வலித்தது. போகும் வழியெல்லாம் பேருந்தில் யாரோடும் சண்டை போடவில்லை.

மதிப்பீட்டு நாள் வந்தது. நிறுவனத்தின் மனிதவளத் தலைவர் சுப்ரியா சிறப்பு விருந்தினர். காலையிலேயே நிர்மலா அணியைத் தனியே அழைத்தார். அவர் முகத்தில் தூக்கமில்லை. "தலைப்பை மட்டும் மாத்திக்கலாம்மா. மாணவியர் சுகாதார விழிப்புணர்வுன்னு வைச்சுக்கலாம். முதல்வர் சொல்லிட்டாரு. இல்லன்னா இன்டர்னல் மார்க்குல கை வைப்பாரு. என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"அந்த ஸ்லைடும் ரெடியா இருக்குது மேடம்," என்றான் ஹரீஷ்குமார், தலையைக் குனிந்துகொண்டே. கை கழுவும் முறை, சிரிக்கும் மாணவிகள், பச்சை நிற எழுத்துகள். ரஞ்சிதா அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

மேடையில் அவர்கள் முறை வந்தது. மடிக்கணினி அவனிடம் இருந்தது. ரஞ்சிதா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, எந்தப் படம் திரையில் விழப்போகிறது என்று தெரியாமல் நின்றாள். எது விழுந்தாலும் தான் பேச வேண்டியதைப் பேசிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஹரீஷ்குமார் ஒருமுறை முதல்வரைப் பார்த்தான். பிறகு விசையை அழுத்தினான். பூட்டிய கதவிலிருந்து படியிறங்கிப் போகும் வரிசை திரை முழுக்க விரிந்தது. பின் இருக்கைகளில் ஒரு சலசலப்பு.

"முன்னேற்றம்," என்று தொடங்கினாள் ரஞ்சிதா. "ஒண்ணுமில்லங்க. கதவு இன்னும் பூட்டித்தான் இருக்குது."

முதல்வர் நிர்மலாவைத் திரும்பிப் பார்த்தார். நிர்மலா நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாடம் நிறைய. முதல் தப்பு என்னோடது. பூட்டுனவங்களை விட்டுட்டு, சாவி வச்சிருந்த அக்காகிட்ட போய்க் கத்தினேன். அதுக்கு அவங்கோ திட்டு வாங்கினாங்கோ. நான் வாங்கல. தலைவர்னா முன்னால நிக்கறவங்கன்னு எங்களுக்குக் குடுத்த புக்குல இருந்துச்சு. முன்னால நிக்கறது எனக்குக் கஷ்டமா இல்ல. எனக்கு வாய் இருக்குது. மூணாவதா ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு பாருங்க, அதுக்கு மார்க்கும் கிடையாது, ப்ராஜெக்ட்டும் கிடையாது. அது அன்னைக்கு வரலன்னா நாங்க ரெண்டு பேரும் ரெண்டு பைத்தியம், அவ்ளோதான். இந்தக் காலேஜ்ல படிக்கிற பொண்ணுங்கோ காலையிலருந்து தண்ணி குடிக்காம உக்காந்திருக்கோம். இதைச் சொல்ல எங்களுக்கு வெக்கமா இருந்துச்சு. இப்ப இல்ல."

கீழே வரிசையில் நின்று பழகியவர்கள் கை தட்டினார்கள். சத்யப்ரியாவும் தட்டினாள், மேடையில் நிற்கிறோம் என்பதை மறந்து.

முதல் பரிசு மரக்கன்று அணிக்குப் போனது. ரஞ்சிதாவின் அணிக்கு, கண்ட முன்னேற்றம் என்ற தலைப்பில் மதிப்பெண் இல்லை. ஹரீஷ்குமார் மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தான். "வேலை போச்சா?" என்று கேட்டாள் ரஞ்சிதா. "போச்சு," என்றான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அந்த போட்டோ நல்லா விழுந்துச்சுல்ல?" என்றான்.

மதிய மணி அடித்தது. அவள் வழக்கம்போல் இரண்டாம் மாடிக்குப் போனாள். வரிசை அன்று தரைத்தளம் வரை நீண்டது. விருந்தினருக்குச் சாப்பாடு எதிர் அறையில்தான். ஆகவே முதல்வர் சுப்ரியாவை அழைத்துக்கொண்டு, படி நெடுக நின்ற பெண்களைத் தாண்டித்தான் மேலே வர வேண்டியிருந்தது. சுப்ரியா கதவு முன் நின்றார். பூட்டைப் பார்த்தார்.

"படத்துல பாத்தது இதுதானா சார்? சாவி தொலைஞ்சிருச்சா?"

"சேச்சே, இல்லை மேடம். இன்னைக்கே திறக்கறதாத்தான் இருந்தது." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, முதல்வரே குனிந்து பூட்டைத் திறந்தார். கதவு விரியத் திறந்தது. உள்ளே கண்ணாடியில் வரிசையின் முகங்கள் தெரிந்தன. "போங்கம்மா, போங்க. ஒவ்வொருத்தரா," என்றார் முதல்வர், சிரித்துக்கொண்டு. ரஞ்சிதா விலகி வழிவிட, சத்யப்ரியா முதலில் போனாள். பின்னால் முதலாண்டுப் பெண். வரிசை முதல்முறையாக நகர்ந்தது. படிகளில் காலடிச் சத்தம் கேட்டது.

"பாத்தியாம்மா, உன் ப்ராஜெக்ட் சக்ஸஸ். வேணும்னா ஒரு போட்டோ எடுத்துக்கோ," என்று சொல்லிவிட்டு முதல்வர் சாவியை மறுபடி சட்டைப் பைக்குள் போடப் போனார்.

ரஞ்சிதா அவர் எதிரே வந்து நின்று, வலது உள்ளங்கையை விரித்து நீட்டினாள். சாவி அதில் வந்து விழும்வரை கையை இறக்கவில்லை.