டைல்ஸ் முடிவதற்குள் பத்தாம் வகுப்பு

தமிழாசிரியை வேலை என்றால் செய்யுளை ராகம் போட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போவது என்று நினைப்பவர்கள், சென்னையில் கோவிலம்பாக்கம் பக்கம் எங்கள் பள்ளிக்கு வந்து, ஒடியா, இந்தி, நேபாளி, தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு பீரியட் நின்று பார்க்கட்டும். என்னைப் போல் அல்லாடும் டீச்சர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

பக்கத்து சீட்

ஒன்பதாம் வகுப்பின் நடுவில் ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்தாள் சுமித்ரா. வாயே திறக்க மாட்டாள். வகுப்பிலேயே பெரிய வாயாடி திவ்யா. அவள் பக்கத்தில் உட்கார வைத்தால் தமிழ் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். எனக்குக் கொடுத்த பயிற்சியிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது ஒருநாள், நான் போர்டில் எழுதிக்கொண்டிருக்கையில் பின்னால் ஒடியாவில் பேச்சு. அப்பாடா, சுமித்ரா வாய் திறந்துவிட்டாள் என்று திரும்பினால், பேசியது திவ்யா! திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. என்னடி இது என்றேன்.

"இன்னா மிஸ் பண்றது? ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தி கத்துகினாத்தான பேச முடியும்? அவ லேட் பண்ணா, நான் கத்துகினேன்."

எதுவரைக்கும்?

பத்தாம் வகுப்பு வந்ததும் சுமித்ரா என்னோடு மதியச் சாப்பாட்டு நேரத்திலும் தமிழ் படிக்க உட்கார்ந்தாள். தடுமாறித் தடுமாறிக் கட்டுரைகூட எழுதினாள். பொதுத்தேர்வில் தேறிவிடுவாள் என்று நான் நம்பத் தொடங்கிய நேரம் பார்த்து, பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அப்பா வந்தார். பின்தெருவில் கட்டும் அடுக்குமாடியில் டைல்ஸ் ஒட்டுகிறவர். குடும்பமும் அங்கேயே தகரக் கொட்டகையில் இருக்கிறது. வேலை முடிந்தால் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள், அடுத்த வேலை பெங்களூரில். தேர்வு வரைக்கும் இவளை மட்டுமாவது இங்கே யார் வீட்டிலாவது விட்டுப்போகக் கூடாதா என்று கெஞ்சினேன். அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பொண்ணு தனியா எப்படி மேடம் விடறது? டைல்ஸ் முடிஞ்சா, நாங்க போறது."

கணக்கு சார் வீடு

அந்த அடுக்குமாடியில்தான் எங்கள் கணக்கு ஆசிரியர் ஜேம்ஸ் சாரும் வீடு வாங்கியிருந்தார். சாவி தராமல் இழுத்தடிக்கிறார்கள் என்று தினமும் ஸ்டாஃப் ரூமில் புலம்புவார். பாவம் என்று உதடு சொல்லும், உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன்.

பிப்ரவரியில் ஒருநாள் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். வேலையெல்லாம் முடிந்ததாம், அடுத்த வாரம் டைல்ஸ்காரர்கள் கிளம்புகிறார்களாம், ஈஸ்டருக்குள் ஜெபம் வைத்துக் குடிபுகும் வீட்டுப் பிரதிஷ்டையாம். எடுத்த மைசூர்பாக்கைத் திரும்பப் பாக்ஸிலேயே வைத்தேன். சுமித்ரா பரீட்சை எழுதாமலே போகப்போகிறாள் என்று, அவர் ஏதோ தப்பு செய்ததுபோலக் கோபமாகவே கொட்டித் தீர்த்தேன். அவர் பாக்ஸை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். நல்ல நாளும் அதுவுமாக மனுஷனை நோகடித்துவிட்டோமே என்று எனக்கு ராத்திரியெல்லாம் உறுத்தல்.

மறுநாள் பிரேயருக்குப் போகும் வழியில் மெதுவாகச் சொன்னார்.

"ஹால் டைல்ஸ் கலர் பிடிக்கல, என் செலவுல மாத்துங்க, சுமித்ரா அப்பாதான் ஒட்டணும்னு பில்டர்கிட்ட சொல்லிட்டேன் டீச்சர். கடைசிப் பரீட்சை முடியற வரைக்கும் எனக்கு எந்தக் கலரும் பிடிக்காது."

சுமித்ரா எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள், ஜேம்ஸ் சாரின் பிரதிஷ்டை மே மாதத்துக்குத் தள்ளிப்போனது, நானோ இந்த ஜூனில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் பெயரைக் கேட்பதற்கு முன்பே, அப்பா வேலை செய்யும் கட்டடம் எத்தனையாவது மாடி வரை எழும்பியிருக்கிறது என்று கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.