ஃபைனல் என்று முடியாத கோப்புகள்

எனக்கு அருவருப்பு தருபவை இரண்டு. மழைக்கு மறுநாள் தாம்பரம் சுரங்கப்பாதையில் தேங்கி நிற்கும் தண்ணீர் ஒன்று. அடுத்தவர் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப் இன்னொன்று. எதில் கால் வைத்தாலும் வீட்டுக்கு வந்து குளிக்க வேண்டும் போலிருக்கும்.

எங்கள் சர்ச் சபையின் ஆண்டு மலரைத் தொகுக்கும் வேலை போன வருடம் என் தலையில் விழுந்தது. கேளம்பாக்கத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன் என்பதுதான் என் தகுதி. சபை ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்ததும் குமட்டியது. கட்டுரைகளை டைப் அடித்தவர் செயலாளர் சார், ரிடையர்டு கிளார்க். ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு கோப்பு, சிலதற்கு மூன்று. வெறும் தலைப்பில் ஒன்று, ‘ஃபைனல்’ ஒன்று, தலைப்பைத் தப்பாக அடித்து விட்டுவிட்டது ஒன்று. ஒரு மனிதர் இப்படியும் வாழ முடியுமா என்று எரிச்சலாக வந்தது.

அந்த மலரில் எல்லோரும் எதிர்பார்த்தது ஒரு கட்டுரையைத்தான். முப்பது வருடம் கொயரில், அதாவது சர்ச் பாடகர் குழுவில், பாடி இறந்துபோனவரைப் பற்றி அவர் மனைவி எழுதியது. அந்த அம்மா கணக்கு டீச்சராக இருந்தவர், அதிகம் பேசமாட்டார். எழுதித் தருகிறேன் என்று சொன்னதே அதிசயம். வாரத்துக்கு ஒன்றிரண்டு தாளாகக் கொடுத்து அனுப்பினார். டைப் அடித்ததும் செயலாளர் சார் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். ஒருத்தர் துக்கம் பஜ்ஜி மடிக்கப் போகக்கூடாதாம்.

நான் மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாக அழிக்கும் ரகம் இல்லை. புரோகிராம் எழுத நான் வைத்திருக்கும் டெக்ஸ்ட் எடிட்டரை அந்தக் கம்ப்யூட்டரிலும் ஏற்றினேன். அதற்குள் ஃபோல்டரைத் திறந்தால் கோப்புகள் வரி வரியாக நிற்கும். வரியைத் திருத்தினால் கோப்பின் பெயரே மாறும். நூறு பெயர்களை ஒரே கட்டளையில் மாற்றலாம். பெயரில் குறிப்பிட்ட சொல் இல்லாதவற்றை மொத்தமாகக் குறியிட்டு, ஒரே பொத்தானில் அழிக்கலாம். ‘நிச்சயமா?’ என்று அது கேட்பதை நிறுத்தியிருந்தேன். குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேரே அழியும்படியும் செய்திருந்தேன். ஆபீஸில் ஜூனியர்களுக்கு இதையெல்லாம் டிப்ஸ் என்று பாடம் எடுப்பேன், அவர்கள் கேட்காவிட்டாலும்.

‘ஃபைனல்’ இல்லாதவற்றைக் குறியிட்டேன். அழித்தேன். படித்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். பெயரைப் பார்த்தேன், அவ்வளவுதான். மலர் அச்சுக்குப் போனது.

மலர் வெளியான ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் செயலாளர் சார் என்னை ஓரமாக இழுத்தார்.

“என்னா தம்பி, டீச்சரோடது பாதிதான் வந்திருக்கு?”

“ஃபைனல்ல அவ்ளோதான் சார் இருந்துச்சு.”

“அய்யோ, அது சேஃப்டிக்கு எடுத்து வெச்ச காப்பி தம்பி. அன்னிக்கு வரைக்கும் அடிச்சதை ஃபைனல்னு போட்டு வெச்சுடுவேன். அப்புறம் வந்ததெல்லாம் மொத ஃபைல்லதான் சேத்தேன்.”

மற்றவர்களுடையது ஒரே நாளில் டைப் அடித்து முடிந்தது, அதனால் தப்பியது. டீச்சருடையது மட்டும்தான் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. இந்த மனுஷனை என்ன செய்தால் தகும் என்று முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. அவர் எதையும் அழிக்கவில்லை என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் என் விரல்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அதற்குள் டீச்சரே வந்துவிட்டார், கையில் மலரோடு.

“தம்பி, கடைசி வாரம் ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சு, இன்னிக்கு ஞாயிறா, கொயருக்குப் போகணுமேன்னாரு. ஆமா, போலாம்னு சொன்னேன். அன்னிக்கு செவ்வாய்க்கிழமை. அதை எழுதியிருந்தேன். பொய் சொன்னதெல்லாம் சபை மலர்ல வரக்கூடாதுன்னு எடுத்துட்டீங்களா?”

அவர் கையிலிருந்த மலரை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

“இல்ல டீச்சர், பக்கம் பத்தல.”

அவர் முகம் தெளிந்தது. “அப்ப சரி. அடுத்த வருஷம் போடுங்க. இன்னொரு தரம் என்னால எழுத முடியாதுப்பா. உங்ககிட்ட பத்திரமா இருக்குல்ல?”

“இருக்கு டீச்சர்,” என்றேன்.