மஞ்சள் கறுக்கவில்லை

அகப்பையில் அண்ணி தூக்கிக் காட்டிய அந்த மஞ்சள் துண்டு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பளிச்சென்று மஞ்சளாகவே இருந்தது. ஹந்தானைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் மழை விட்டு வெயில் அடித்தால் தேயிலைக்குள் காளான் தேடிப் போவார்கள். கொண்டுவந்ததை மஞ்சள் போட்டு அவிப்பார்கள். மஞ்சள் கறுத்தால் விஷம், கொட்டிவிட வேண்டும், கறுக்காவிட்டால் கறி. அதில் அண்ணியை மிஞ்ச ஆளில்லை. அண்ணன் கொழும்பில் வேலையில் இருந்ததால் என்னிடம்தான் காட்டினார். "பாத்துக்க தம்பி, சுத்தமா இருக்கு." முதல் கிண்ணம் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்காவுக்குப் போனது. முதல் காளானைத் தனியாகத் தின்பது எங்கள் லயத்தில் வழக்கமில்லை.

நான் குளித்துவிட்டுச் சாப்பிட வருவதற்குள், முதலில் சாப்பிட்ட அண்ணி வாசலில் சரிந்து கிடந்தார். உடம்பெல்லாம் தெப்பமாக வியர்வை. கண்ணீரும் எச்சிலும் நிற்காமல் வடிந்தன, வாந்தி வேறு. பக்கத்துக் காம்பராவில் அக்காவுக்கு மூச்சு இழுத்தது. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. "எனக்கு வழக்கமா வர்றதுதான், மொதல்ல அவளக் கொண்டு போங்க" என்று அவரே எங்களை விரட்டினார். இருந்தது ஒரே ஆட்டோ. நாங்களும் அவர் பேச்சை நம்பிப் போனோம். அந்த ஆட்டோ திரும்பி மலையேறி வருவதற்குள் அக்கா போய்விட்டார்.

பேராதனை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அண்ணியைக் காப்பாற்றினார்கள். டொக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். சில காளான்களில் மஸ்கரின் என்று ஒரு நஞ்சு, ஆல்கலொயிட் வகை. அவித்தாலும் போகாது, மஞ்சளும் காட்டிக்கொடுக்காது, இழுப்புக்காரர்களுக்கு மூச்சையே அடைத்துவிடும் என்றார். "அப்ப எதப் பாத்துத் தெரிஞ்சுக்கிறது சார்?" என்று அண்ணி கேட்டார். "கண்ணால பார்த்து எனக்கும் தெரியாதும்மா." யார் மேல் கோபப்படுவது? எனக்கு அழக்கூட வரவில்லை.

வருஷத் துக்கம் கழிந்து வந்த இந்தப் பொங்கலுக்கு அக்காவின் புருஷன் தானே பொங்கல் கொண்டுவந்தார். "சாப்புடும்மா, ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார். அண்ணி அவர் முன்னாலேயே சாப்பிட்டார். வந்த பாத்திரத்தை நாங்கள் வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. அடுப்பில் அண்ணி வைத்த பொங்கலும் இருந்தது. கரண்டியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் என்னைக் கடைக்கு அனுப்பி பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கி வரச் சொன்னார். அதைப் பிரிக்காமல் அப்படியே பாத்திரத்தில் வைத்து, அவர் கையில் கொடுத்தார்.