நடுவில் இழுத்துப்போட்ட நாற்காலி

அது ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. தொண்ணூறுகளில் கேரள எல்லையோரம் எங்கள் குன்னத்துகால் பக்கம் அது புதுசு. வீட்டுக்கு வருகிறவர்களுக்கென்றே அம்மா சிலவற்றை வாங்கி வைத்திருந்தாள். ஆனால் சித்தப்பா அவற்றில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பா இறந்தபிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டவர் அவர். பாறசாலைக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டினார். அம்மாவின் அண்ணன்மார் வந்தால் கதவோரம் சாய்ந்து நின்றுகொள்வார். பின்னால் வந்த மனுஷனுக்கு அந்த வீட்டில் பேச்சு கிடையாது என்று யாரும் சொல்லவில்லை; சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் ப்ரீடிகிரி தேறிய வருடம் மாமன்மார் என் படிப்பைப் பற்றிப் பேச வந்தார்கள். பேச என்ன இருக்கிறது, முடிவோடுதான் வந்திருந்தார்கள்.

"நர்சிங்குக்கு விடணும். பிறவு சவுதி. குடும்பம் கரை கேறும்," என்றார் பெரிய மாமா.

எனக்கோ பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படிக்க இடம் கிடைத்திருந்தது. அழுதுகொண்டே அதைச் சொன்னேன்.

"அப்பன் இல்லாத பிள்ளைக்கு என்ன கரண்டுப் படிப்பு?"

சித்தப்பா அங்கேதான் நின்றார். ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பன் இஞ்ச இருக்கேன். எனக்க மவளுக்க காரியமாக்கும். இனி நின்னோண்டு கேக்க முடியாது."

"நீரு எதுக்கு இதில கேறிப் பேசுதீரு?"

"ரெத்தம் கண்டா மயங்கி விழுத பிள்ளையாக்கும் இது. இவளை ஆஸ்பத்திரிக்கு விட்டா நோயாளியை யாரு பாக்கது? அவ கரண்டு படிக்கட்டு."

அடேயப்பா, அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! மாமன்மார் சாயா குடிக்காமலே போனார்கள். அந்த வாரமே சித்தப்பா என்னை ஜீப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியில் ஏறியவர்களிடமெல்லாம், "மவளாக்கும். கரண்டு படிக்கப் போறா," என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது.

அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒழுங்காக அமைந்த வீட்டில்தான் பிள்ளைகள் பெரிதாக ஆசைப்படுவார்கள் என்று யாராவது பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். மின்வாரிய இன்ஜினீயராக இருக்கும் நான் இன்றும் அவரைச் சித்தப்பா என்றே கூப்பிடுகிறேன். அந்தச் சொல்லில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

போன மாதம் என் மகள் கப்பல் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றாள். அதைத் தடுக்க என் கணவரின் அண்ணன்மார் வந்தார்கள். சித்தப்பா பழைய வழக்கத்தில் கதவோரம் நின்றார். மகள் எழுந்துபோய் ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப்போட்டாள்.

"தாத்தா, இஞ்ச வந்து இரியும். பிறவு பேசலாம்."

சித்தப்பா வந்து உட்கார்ந்தார். இந்த முறை கால்மேல் கால் போட்டுக்கொண்டு.