ஏழாவது அசைக்கு ஓர் அறை

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையலக்காவும் அவள் வீட்டில் அப்படித்தான். துணி ஆலையில் தைத்துக்கொண்டே தபால் வழியில் படித்தவள். தையல் அவள் முதுகைத் தின்றுவிட்டது. இனியும் மெஷினில் குனிந்தால் நடமாட்டமே இருக்காது என்று டாக்டர் கையை விரித்த பிறகுதான், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் ஸ்பானிஷில் போன் பேசும் வேலைக்குப் பயிற்சி எடுக்க வந்தாள்.

பயிற்சியாளர் நீளமான சொற்களை மேசையில் தட்டித்தான் பழக்குவார். அசைக்கு ஒரு விரல்தட்டு. அழுத்தம் விழும் அசைக்கு உள்ளங்கையால் ஓர் அறை. ‘அப்படி ஆனால் நாங்களே பொறுப்பேற்போம்’ என்பதற்கு ஸ்பானிஷில் ஒரே வினைச்சொல்: ரெஸ்-பொன்-ஸா-பி-லி-ஸா-ரீ-யா-மொஸ். வகுப்பே திணறியது.

“ஏழாவதுல இடி விழணும்! என்னம்மா, நாக்கையும் சேத்துத் தச்சுட்டீங்களா?”

அக்காவும் எங்களோடு சிரித்தாள். பிறகு பேருந்துக் கம்பியில் தட்டினாள், அடுப்பு மேடையில் தட்டினாள். “அம்மா, பாத்திரமெல்லாம் குதிக்குதும்மா” என்று மகள் கத்தினாளாம். கடைசியில் அந்தச் சொல்லை ஒரே மூச்சில் சொன்னது அவள் ஒருத்திதான்.

பரீட்சையில் ஹெட்செட் மாட்டிப் பேசியதைப் பதிவு செய்தார்கள். சொல்லை மென்று துப்பிய நாங்கள் தேறிவிட்டோம். அக்காவின் பதிவை மட்டும் மேலாளர் ஸ்பீக்கரில் போட்டார். குரல் சுத்தம். கூடவே டொக், டொக், டொக், ‘ரீ’யில் டமார். மைக் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

“கஸ்டமர்கிட்ட பேச வந்தீங்களா, மேளம் அடிக்க வந்தீங்களா?”

அக்கா பயிற்சியாளரைப் பார்த்தாள். “சார், நீங்கதானே தட்டச் சொன்னீங்க?”

“அது வகுப்புலம்மா! பரீட்சைல எவனாவது தட்டுவானா?”

மேலாளர் மறுபடி ஓட்டினார். மூன்றாம் முறை வகுப்பே சேர்ந்து தட்டியது.

“கையக் கட்டிக்கிட்டே சொல்றேன் சார். ஒரே ஒரு தடவ.”

கட்டிக்கொண்டாள். ஆறு அசை வந்தது. ஏழாவதில் தோள் மட்டும் துள்ளியது; வாய் திறந்தபடி நின்றுவிட்டது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

“போகும்போது அந்த ஹெட்செட்டோட காதுப் பஞ்சக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க. நீங்க போட்டத வேற யாருக்கும் மாட்ட முடியாது,” என்றார் மேலாளர்.

அக்கா இரண்டு பஞ்சையும் உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் தையல் மெஷினுக்கே திரும்பிவிட்டாள். இங்கே, அவள் நாற்காலியில் உட்கார்ந்த புதுப் பெண்ணுக்காகப் பயிற்சியாளர் உள்ளங்கையை ஓங்கினார்.