குத்துவிளக்கு இரண்டும் என் பிழை

பரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஓர் அச்சகத்தில் பதினாறு வருடமாகக் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருக்கிறேன். கலியாண அழைப்பிதழ், வயதுக்கு வந்த பிள்ளையின் சாமத்திய வீட்டுப் பனர், மரண அறிவித்தல் எல்லாம் என் கையால்தான் போகும். இங்குள்ள தமிழரில் பாதிப் பேரைப் பெரியபிள்ளையாக்கி, கட்டிவைத்து, கடைசியில் வழியனுப்பியும் வைத்தவள் நான்தான் என்று முதலாளி அண்ணை பகிடி விடுவார். ஒரேயொரு தடவைதான், ஆள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே ஒருத்தியை வழியனுப்பி வைத்தேன். அதை எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

அவளுடைய புருசனை நான் வாத்தியார் என்றுதான் சொல்வேன். இங்கே ஒரு சுப்பர்மார்க்கெட் வாசலில் காவல் நிற்கிறார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். ஊர் என்றால் சகாராவின் ஓரத்தில் ஒரு மணல் நாடு. பெயர் எழுதமாட்டேன், அவருடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. அந்த நாடு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது, சரிக்குச் சரி. பிரெஞ்சில்தான் பேசிக்கொள்வோம். அவருடையது பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு, என்னுடையது விசாவுக்காகப் பிரெபெக்தூர் வரிசையில் நின்று பொறுக்கிய பிரெஞ்சு. அவர் சொன்னதையெல்லாம் இங்கே என் ஊர்ப் பேச்சில் போடுகிறேன், அவர் கோபிக்கமாட்டார்.

மனைவி தாதி. சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைத் தராசில் நிறுத்து, நிறையை வெளிச்சுவரில் கரியால் எழுதுவாளாம், தாய்மார் பார்க்கட்டும் என்று. மழை வராத வருடம் ஆடுகள் செத்தன, சுவரிலிருந்த எண்களும் கிழமைக்குக் கிழமை குறைந்தன. வானொலிக்காரன் ஒருவன் வந்து மைக்கை நீட்ட, பிள்ளைகள் பசியில் சாகிறார்கள் என்று சொல்லிவிட்டாள். அந்நாட்டு ஜனாதிபதியோ அதற்கு முதல் மாதம்தான், நாட்டில் பசி என்பதே இல்லை என்று அறிவித்திருந்தார். சுவருக்கு வெள்ளையடித்தார்கள், அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். எங்கே என் மனைவி என்று கேட்டுத் திரிந்த வாத்தியாரையும் தேடத் தொடங்க, அவர் பாலைவனமும் கடலும் தாண்டி இங்கே வந்து விழுந்தார். ஒன்பது மாதமாக, அவள் உயிரோடு இருக்கிறாள் என்று சொல்ல அந்த நாட்டில் ஒரு நாதி இருக்கவில்லை.

முதல் தடவை அவர் எங்கள் கடைக்கு வந்தது ஆர்ப்பாட்டத்துக்குப் பனர் அடிக்க. லாச்சப்பல் ஆட்களுக்கு ஆர்ப்பாட்டம் தண்ணி பட்ட பாடு என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள், அது பொய்யும் இல்லை. "ஜனாதிபதியே, பசி என்று சொன்னது குற்றமா?" என்று மூன்று மீற்றரில் அடித்து வைத்தேன். அவர் எடுக்க வந்த காலை, போனில் செய்தி. ஜனாதிபதியை அவருடைய மெய்க்காவலரே மாளிகைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். மை காயவில்லை, ஆள் விழுந்துவிட்டார்.

வாத்தியார் கடைக்குள் நின்று ஆடினார். இனி மனைவி வந்துவிடுவாள், ஆட்சியைப் பிடித்த ஜெனரல் எல்லாரையும் விடப்போகிறார் என்று உடனேயே அடுத்த ஓடரும் தந்தார். "நன்றி, ஜெனரல்."

"வாத்தியார், கொஞ்சம் பொறுங்கோ," என்றேன். "நாங்கள் உதுகள் எல்லாம் கண்டு களைச்ச சனம். ஆட்சி மாறினால் உங்கட பிரச்சினை தீர்ந்துதுதானே எண்டு சொல்லி எங்கட எத்தினை பேரின்ர அகதிக் கேஸை இங்க தள்ளினவங்கள் தெரியுமே?"

"இவர் நல்ல மனுசன், ரீவியில அழுதவர்," என்றார்.

அழுகிற ஜெனரலை நான் எங்கே கண்டேன்! அடித்துக் கொடுத்தேன். நாலாம் நாள் ஜெனரல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். நாட்டில் பசி இருந்தது உண்மைதான், அது பழைய ஆட்சியின் குற்றம், நேற்றோடு அது ஒழிந்தது, இனிமேல் பசி என்று சொல்கிறவன் நாட்டின் எதிரி. ஆக, பசி இருக்கிறதென்று சொன்ன அந்தத் தாதி பழைய ஆட்சிக்கும் பொய்க்காரி, புதிய ஆட்சிக்கும் நேற்றிலிருந்து பொய்க்காரி. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நன்றிப் பனரை வாத்தியார் மடித்து எங்கள் குப்பைத் தொட்டியில் வைத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

மூன்றாவது பனருக்கு ஒரு சனிக்கிழமை வந்தார். மறுநாள் ரிப்பப்ளிக் சதுக்கத்தில் ஆர்ப்பாட்டம்.

"ஒருத்தன்ர பேரும் வேண்டாம். உங்கட மை நிக்கிற அளவுக்கும் அவங்கள் நிக்கிறாங்களில்லை. அவவின்ர படம் மட்டும் போடுங்கோ. உங்கட ஆக்களுக்கு எப்பிடி மரியாதையாச் செய்வியளோ, அப்பிடிச் செய்து தாங்கோ."

செய்தேன். அன்றைக்கு மூன்று சாமத்திய வீடு தலைக்கு மேல் நிற்கிறது, அண்ணை பின்னால் நின்று கத்துகிறார். செவ்ரானில் காலமான ஒரு அம்மாவின் முப்பத்தோராம் நாள் அஞ்சலி திரையில் திறந்தபடி கிடந்தது. அந்த அம்மாவை எடுத்துவிட்டு இந்தத் தாதியை வைத்தேன். மலர்வு, உதிர்வு என்று பிறந்த, இறந்த திகதிகள் இரண்டையும் கவனமாக அழித்தேன். அந்த இடத்தில் பிரெஞ்சில் "இவர் எங்கே?" என்று போட்டேன். படத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுற்றிவர மல்லிகை மாலை, மேலே முகிலுக்குள்ளால் வெளிச்சம். பதினாறு வருடம் பார்த்துப் பார்த்து அந்த விளக்கெல்லாம் என் கண்ணுக்கு விளக்காகவே தெரிவதில்லை, வெறும் ஓரம்தான். கீழே சின்ன எழுத்தில் "ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்" என்றும் கிடந்தது. அதை எங்கள் கடையின் பெயரும் விலாசமும் என்று நினைத்தாராம் வாத்தியார்.

"எவ்வளவு வடிவு!" என்று அவர் கண்கலங்கினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிறு மத்தியானம், ஆர்ப்பாட்டத்துக்குக் கொண்டுபோகமுதல் போட்டோ எடுக்கலாம் என்று எங்கள் கடைக்குப் பக்கத்துப் பூட்டிய கதவில் பனரைக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை லாச்சப்பல் என்றால் சொல்லவேண்டுமா? ஸ்தேன், லெ பிளாங்-மெனில் என்று புறநகர்த் தமிழ்ச் சனம் எல்லாம் சாமான் வாங்க இங்கேதான் நிற்கும். வந்த சனம் படத்தைக் கண்டதும் கதையை நிறுத்தியது. வயதான ஒருவர் தொப்பியைக் கழற்றினார். வாத்தியாருக்கு எங்கள் கடையில் பொறுக்கிய ஒரேயொரு தமிழ்ச் சொல் தெரியும்.

"உங்கட மனுசியோ தம்பி?"

"ஓம்."

"திடீரெண்டோ?"

"ஓம்."

"ஐயோ, வருத்தம் வந்து படுக்கையில கிடந்தவவோ?"

"ஓம், ஓம்."

பூக்கடையிலிருந்து ஒரு அக்கா மாலை கொண்டுவந்து போட்டார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைப் பெடியன் தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து கொடுத்தான். முன்பின் தெரியாத சனம் வரிசையில் நின்று வாத்தியாரின் இரண்டு கையையும் பிடித்தது, இரண்டு மாமிமார் விம்மி அழுதார்கள். நான் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்தத் தூரத்திலிருந்து பார்க்க, அது பச்சை மரண அறிவித்தல்.

"அண்ணை, கோதாரி, ஆளைச் சாகடிச்சிட்டன்!" என்றேன்.

அண்ணை எட்டிப் பார்த்தார். "வாயைப் பொத்திக்கொண்டு இரு. அந்தாளுக்கு விளங்கேல்லை. சனமும் நல்லாத்தானே நிக்குது, ஆர்ப்பாட்டம் முடியட்டும்."

நான் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். அதுதான் என் உண்மையான பிழை, விளக்கு அல்ல. வெளியே வாத்தியார் என்னைக் கண்டு கைகாட்டினார். "உங்கட சனம்தான் சனம்," என்றார். "எங்கட ஆக்கள் வரமுதலே உங்கட ஆக்கள் அழுகினம்."

செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்கமுதல் வாசலில் நின்றார். ஆளே அரைவாசியாகியிருந்தார். ஞாயிறு எடுத்த படம் போன் போனாகப் போய் அவருடைய ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. பரிஸில் தமிழர் கூடி அழுகிறார்கள், மாலை போடுகிறார்கள் என்றால் அங்கே என்ன நினைப்பார்கள்? ஊர் கூடி இறந்தவர்களுக்கான தொழுகை நடத்திவிட்டது. மனைவியின் தங்கச்சி போன் எடுத்து, மறைக்காதே, உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டுக் கத்தினாளாம்.

"ஊரே சொல்லுது அவ இல்லையெண்டு," என்றார். "எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கட ஆக்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

கதிரையை இழுத்து அவரை இருத்தி, அவருக்கு முன்னால் நிலத்தில் குந்திக்கொண்டு சொன்னேன். "வாத்தியார், எங்கட ஆக்களுக்கு ஒரு படத்துக்குப் பக்கத்தில விளக்கு வைச்சால் அந்த ஆள் செத்துப்போச்சு எண்டு அர்த்தம். நான் யோசிக்காமல் வைச்சிட்டன். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. எல்லாம் என்னாலதான்."

அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "அப்ப அவ இருக்கிறாவோ?" என்று கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது வாத்தியார்."

"ஞாயிற்றுக்கிழமையும் எனக்குத் தெரியாதுதான்," என்று சொல்லிவிட்டு எழும்பி வேலைக்குப் போனார்.

அடுத்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே அவளுடைய ஊரில் சனம் கலையவில்லையாம், பிரேதத்தைத் தா என்று இராணுவ முகாம் வாசலில் இருந்துவிட்டதாம். இல்லாத பிரேதத்துக்கு ஜெனரல் எங்கே போவார்? உயிரோடு இருக்கிறவளைக் கேட்டபோது ஒன்பது மாதம் வாய் திறக்காத அரசாங்கம், செத்தவளைக் கேட்டதும் பதைபதைத்துப் போய்விட்டது.

வியாழக்கிழமை வாத்தியார் போனோடு ஓடிவந்தார், சட்டைப் பொத்தான் ஏறுமாறாக இருந்தது. அந்நாட்டு ரீவி, ஒரு நிமிடப் படம். முதலில் ஒரு சீருடைக்காரன், அந்நியச் சதி, பொய்ப் பரப்புரை என்று வாசித்தான். தாதி நலமாக இருக்கிறார், நாட்டில் பசியில்லை என்று அவரே இப்போது சொல்வார் என்றான். பிறகு வெள்ளைத் துணி விரித்த மேசை. மேசையில் ஒரு பெரிய தட்டம், குவித்த சோறு, அதற்கு மேல் ஆட்டிறைச்சி. தட்டத்துக்குப் பின்னால் தோளெலும்பு தள்ளிக்கொண்டு ஒரு பெண்.

"அவதான்," என்றார் வாத்தியார். "அவதான், அவதான்."

மைக்கை நீட்டி ஒருவன் கேட்டான், அம்மணி, எங்கள் நாட்டில் பசி இருக்கிறதா? அவள் மைக்கைப் பார்க்கவில்லை. சோற்றில் கையை வைத்தாள். அவன் திரும்பவும் கேட்டான். அவள் அள்ளி அள்ளி வாயில் வைத்தாள், மென்று முடிக்கமுதல் அடுத்த பிடி, பிறகு மற்றக் கையும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் தரம் அவன் சத்தமாகக் கேட்டபோது, எங்கே பறித்துவிடுவானோ என்று முழங்கையால் தட்டத்தை மறைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அவசரமாகக் கொடியைக் காட்டித் தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள்.

வாத்தியார் திரும்பவும் முதலிலிருந்து போட்டார். கொடி வந்ததும் திரும்பவும். நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ, போனை என் மேசையில் சாய்த்துவைத்து, அதற்குக் கிட்டவாகக் குனிந்து, "மெல்லமாச் சாப்பிடம்மா, விக்கப்போகுது," என்றார்.

நானும் விசரி மாதிரி பின்னுக்கு ஓடிப்போய் ஒரு கோப்பை தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். நீட்டிய பிறகுதான் யாருக்கு நீட்டுகிறேன் என்று யோசித்தேன். வாத்தியார் அதை வாங்கி, குடிக்காமல், போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.