காதுக்காரரின் புதுக் காது

லாரிப் பட்டறை நடத்திய அந்த மெக்கானிக்கை ஊரில் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். எஞ்சின் ஓடும் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவாராம். அந்தக் காது மந்தமாகிப்போன சங்கதி அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். தலையைச் சாய்ப்பதை மட்டும் அவர் விடவில்லை.

ஒருநாள் காலை, பழைய லாரி ஒன்று குலுங்கிக் குலுங்கி வந்து பட்டறை வாசலில் அணைந்துபோனது. இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார் உரிமையாளர்.

"அண்ணே, ஓடுறப்ப ஒண்ணுமில்ல. எங்கயாவது நிறுத்துனா போதும், குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கி ஆஃப் ஆயிடுது. பம்பு போச்சுங்கறான் மச்சான். நாசில்ங்கறாரு பக்கத்து வீட்டு டிரைவர். எனக்கென்னமோ டீசல்லதான் சந்தேகம்."

காதுக்காரருக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்தது. "ஆமாமா" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். காது நன்றாக இருந்த காலத்தில், இந்த மாதிரிப் பேச்செல்லாம் அவர் மண்டைக்குள் போய்க் குடியேறிவிடும். யாரோ ஒரு மச்சான் சொன்னதற்காக, நல்ல பம்பைக் கழற்றிப் பிரித்துவிட்டு முழித்ததெல்லாம் உண்டு. இப்போது அந்தத் தொல்லை இல்லை.

எஞ்சினை ஓடவிட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, திரும்ப முடுக்கினார். எதைத் தளர்த்தினாலும் நடுக்கம் கூடியது. அப்படியென்றால் எல்லா நாசிலும் வேலை செய்கிறது. அடுத்து, ஃபில்டரின் காற்றுத் திருகைத் திறந்து கைப்பம்பை அழுத்தினார். டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது. எங்கேயோ காற்றை உறிஞ்சுகிறது! குழாயைத் தடவிக்கொண்டே டேங்க் வரை போனார். புதிதாக மாட்டியிருந்த இரும்புப் பெட்டியின் மூலை உரசி, ரப்பர் குழாய் வெடித்திருந்தது.

"என்ன தம்பி இந்தப் பெட்டி?"

உரிமையாளர் நெளிந்தார். "வண்டி வழியில நின்னா ரிப்பேர் பண்றதுக்கு, ஸ்பேனர் வைக்கலாம்னு..."

குழாயை மாற்றி, காற்றை வெளியேற்றி, பெட்டியை நகர்த்தி மாட்டியதும் எஞ்சின் சாதுவாக ஓடியது. "காதுன்னா இதுதாண்ணே காது!" என்று கும்பிட்டுவிட்டுப் போனார் அவர். இதுவும் காதுக்காரருக்குக் கேட்கவில்லை.

வெளியூரில் இருக்கும் மகள், அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கையோடு அழைத்துப் போய்க் காதுக் கருவி வாங்கி மாட்டிவிட்டாள். மறுநாளே இன்னொரு லாரி, அதே நடுக்கத்தோடு வந்தது. டிரைவர் சொன்னார், கூட வந்தவர் சொன்னார், சும்மா வேடிக்கை பார்க்க நின்றவரும் சொன்னார். எல்லாம் கணீரென்று கேட்டது. சாயங்காலம் வரை பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பார்த்தால், அடைத்துக்கொண்டிருந்தது ஃபில்டர்.

அன்றே கருவி சட்டைப்பைக்குப் போயிற்று. துவைக்க எடுக்கும்போது மனைவி பார்த்துவிட்டாள்.

"ஏங்க, இதைக் கழட்டிட்டீங்களா?"

பக்கத்தில் வந்து கேட்டதால் புரிந்தது. "பட்டறைக்கு இது சரிப்படாது. வீட்டுல மட்டும் போட்டுக்கறேன்."

அவள் முகம் சட்டென்று மாறியது. அவருடைய அக்காவைப் பற்றித் தன் மனத்தில் இருப்பதையெல்லாம், சில வருடங்களாக அவர் எதிரிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்தாள்.

"வீட்டுல எதுக்குங்க?" என்றாள் அவசரமாக. "இருக்கறது நாம ரெண்டு பேருதானே!"

கருவி அலமாரிக்குள் போனது. மகள் வரும் நாட்களில் மட்டும் இருவருமாகச் சேர்ந்து அதைத் தேடி எடுப்பார்கள்.